கழுத்துக்குள் ஒரு ரப்பர் குழாய்

மூளைக்குள் தினமும் அரை லிட்டர் நீர் சுரக்கிறது. உடல் உடனுக்குடன் உறிஞ்சிக்கொள்வதால் எந்த நேரத்திலும் இருப்பு 150 மில்லிதான். அந்த வடிகால் அடைபட்டால் பச்சிளங்குழந்தையின் தலை பெருக்கத் தொடங்கும். அப்போது ‘ஷன்ட்’ என்ற மெல்லிய குழாயை மூளையிலிருந்து காதுக்குப் பின்புறம், கழுத்து, மார்பு என்று தோலுக்கடியிலேயே இறக்கி வயிற்றில் விடுகிறார்கள். பலருக்கு அது ஆயுளுக்கும் அங்கேதான்.

அதை எதனால் செய்வது? 1955-ல் பிலடெல்ஃபியாவில் மகனுக்கு இந்த நோய் வந்தபோது ஜான் ஹோல்டர் இந்தக் கேள்வியைக் கையில் எடுத்தார். டாக்டர் அல்ல, பூட்டுக் கம்பெனியில் மெஷின் வேலை. குழாயில் நீரை ஒரே திசையில் விடுவதற்காக அவர் செய்த முதல் வால்வு ஆணுறை ரப்பர். தண்ணீரில் நன்றாக வேலை செய்தது. உடலுக்குள் வைக்க லாயக்கில்லை. பிளாஸ்டிக் கிருமி நீக்கும் சூட்டைத் தாங்கவில்லை. கடைசியில் கைகொடுத்தது சிலிக்கோன். சிலிக்கானும் ஆக்சிஜனும் மாறி மாறிக் கோத்த சங்கிலி அது. நீராவிச் சூட்டுக்கு அசையாது, திசுவையும் அதிகம் உறுத்தாது. 1956-ல் முதல் சிலிக்கோன் வால்வு வேறொரு குழந்தைக்குப் போனது. ஹோல்டர் மகனின் உடல்நிலை அப்போது இடம் கொடுக்கவில்லை.

இன்றும் சிலிக்கோன்தான். குறையில்லாத பொருள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். எக்ஸ்ரேயில் தெரியாது என்பதால் பேரியம் கலக்கிறார்கள். வருடங்கள் ஓட ஓடக் கழுத்துப் பக்கம் குழாய்மேல் சுண்ணாம்பு படிகிறது. அதற்குப் பேரியமும் துணைபோகிறதோ என்ற சந்தேகம் உண்டு. பிள்ளை வளருமே என்று வயிற்றுக்குள் குழாயைத் தாராளமாக விட்டிருப்பார்கள். ஆனால் சுண்ணாம்பேறிய குழாய் திசுவோடு ஒட்டிக்கொள்கிறது, வழுக்கி மேலேற முடிவதில்லை. பிள்ளை உயர உயர இழுபட்டு, ஒருநாள் கழுத்தில் அறுந்துவிடுகிறது.

கிருமித் தொற்று இன்னொரு தலைவலி. பிரிட்டன், அயர்லாந்தில் 1,605 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2019-ல் வெளியானது. சாதாரணக் குழாயில் 6 சதவீதமாக இருந்த தொற்று, ஆன்டிபயாடிக் ஊறிய குழாயில் 2 ஆகக் குறைந்தது. வெள்ளி கலந்ததில் அதே 6. வெள்ளி என்றதும் நமக்கு வரும் நம்பிக்கையை இங்கே ஓரமாக வைத்துவிடலாம்.

விலை? உத்தரப்பிரதேசத்தின் ஷாஜகான்பூரில் தயாராகும் 35 டாலர் ஷன்ட்டையும் 650 டாலர் வெளிநாட்டு ஷன்ட்டையும் உகாண்டாவில் ஒப்பிட்டு, 2005-ல் முடிவை வெளியிட்டார்கள். ஓராண்டு கழித்தும் வித்தியாசம் தெரியவில்லை. குழாய் இரண்டிலும் சிலிக்கோன்தான்.