அகத்தியர் மலையடியில் ஒரு வாசிப்பு வாரம்

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு வழியாகப் பொன்முடிக்குப் போகிற உல்லாசப் பிரயாணிகளுக்கு, மலைப்பாதை தொடங்குமுன் இறங்கி ஒரு சாயா குடிக்கும் கடைவீதி என்ற அளவில்தான் வித்துரா பரிச்சயம். ஆனால் இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழை விடாமல் பெய்கிற ஜூன் மாதத்தின் மூன்றாம் வாரத்தில், கேரளத்தின் மற்ற ஊர்களில் நடப்பது போலவே, இவ்வூர்ப் பள்ளிக்கூடங்களிலும் ஓர் உற்சவம் நடைபெறுகிறது. கொடியேற்றமும் யானையும் இல்லாத அந்த உற்சவத்துக்கு ‘வாயனா வாரம்’, அதாவது வாசிப்பு வாரம், என்று பெயர்.

நீலம்பேரூரில் 1909-ஆம் ஆண்டு பிறந்து, பள்ளிக்கூட உபாத்தியாயராக வாழ்க்கையைத் தொடங்கி, 1945-இல் 47 நூலகங்களை ஒன்றுசேர்த்துத் திருவிதாங்கூர் கிரந்தசாலா சங்கம் என்ற ஸ்தாபனத்தை உருவாக்கி, ‘வாசித்து வளர்க’ என்ற ஒரே மந்திரத்தை ஊர் ஊராகக் கொண்டுசென்று, 1995 ஜூன் 19 அன்று காலமான பி. என். பணிக்கரின் நினைவாக, அடுத்த ஆண்டு முதல் அந்தத் தேதி வாசிப்பு நாளாக அனுஷ்டிக்கப்படுகிறது. அன்று தொடங்கி ஏழு நாட்கள் வாசிப்பு வாரம். நம் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1931-இல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் வகுத்தார். அவருடைய முயற்சியால் 1948-இல் சென்னை ராஜதானி சுதந்திர இந்தியாவிலேயே முதன்முதலாகப் பொது நூலகச் சட்டம் கண்டது. கேரளத்திலோ வாசகசாலைகள் முன்னே வந்தன. சட்டம் 1989-இல் ஆற அமரப் பின்னே வந்தது. இரண்டு வழிகளில் எது உத்தமம் என்று இங்கே தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. ஓர் உபாத்தியாயர் தொடங்கிய காரியம் என்பதால், அவர் நினைவு வாரத்தை வகுப்பறை எவ்விதம் பயன்படுத்துகிறது என்று பார்ப்பது மட்டும் நியாயம்.

பெரும்பாலான பள்ளிகளில் அந்த வாரம் கழிகிற விதம் எல்லோரும் அறிந்ததே. முதல் நாள் அசெம்பிளியில் பிரதிக்ஞை, அப்புறம் சுவரொட்டி தயாரிப்பு, ஓர் எழுத்தாளரை அழைத்து உபந்யாசம், எந்த நூலை யார் எழுதினார், இன்னாரின் புனைபெயர் என்ன என்று கேட்கும் வினாடி வினா, கடைசியில் பரிசளிப்பு. இவற்றில் எதுவும் குற்றமல்ல. ஆயினும், நூலின் பெயரையும் ஆசிரியரின் பெயரையும் மனப்பாடம் செய்து பேனாப் பரிசு பெற்ற குழந்தை அந்த நூலைத் தொட்டுக்கூடப் பார்த்திருக்க வேண்டிய அவசியமில்லை என்பதை நினைக்கும்போது, ஏழு நாள் ஆரவாரத்தின் நடுவே வாசிப்புக்கு மட்டும் பாடவேளை ஒதுக்கப்படவில்லையோ என்ற சந்தேகம் எழத்தான் செய்கிறது. என் அபிப்பிராயத்தில், அந்த வாரத்துக்கு வேண்டியது நிகழ்ச்சி நிரல் அன்று, பாடக்குறிப்பு. அதிலும் ஐந்து பாடவேளைகளுக்கும் சேர்த்து ஒரே ஒரு கதை போதும்.

பாடக்குறிப்பு என்றதும் ஆசிரியப் பயிற்சி பெற்றவர்களுக்கு ஐந்து படிகள் ஞாபகம் வரும். ஜெர்மானியத் தத்துவ அறிஞர் ஹெர்பார்ட்டின் சிஷ்யர்கள் வகுத்து, உலகமெங்கும் பயிற்சிக் கல்லூரிகளில் பரவிய அந்த முறையில், ஆயத்தம் செய்தல், பாடத்தை எடுத்து வைத்தல், பழைய அறிவோடு பிணைத்தல், பொது விதி காணல், பயன்படுத்தல் என்ற ஐந்தும் நாற்பது நாற்பத்தைந்து நிமிஷத்துக்குள் முடிந்தாக வேண்டும். பூகோளத்துக்கும் கணிதத்துக்கும் இது ஒருவாறு பொருந்தலாம். பாஷையோ அப்படி ஒரு பீரியடுக்குள் அடங்குவதில்லை. திங்களன்று காதில் விழுந்த சொல் புதனன்று வாயில் வந்து, வெள்ளியன்று கைக்கு இறங்குகிறது; ஆகையால் பாஷைப் பாடத்தை அளக்க நாளைவிட வாரமே தக்க அளவு.

வித்துராவில் இப்படியொரு வாரத்துக்குத் திட்டம் வகுக்கிற ஆசிரியை முதலில் பார்க்க வேண்டியது, தம் எதிரே அமர்ந்திருக்கும் குழந்தைகளின் வீட்டுப் பேச்சை. புத்தகத்தில் இருப்பது அச்சு மலையாளம். கடைவீதிக் குழந்தை பேசுவது, கேரளத்தின் பிற பகுதியினர் கேலி செய்கிற, ஆனால் கேட்க வெகு சுகமான, தெற்கத்தி மலையாளம். மலையடி ஊர்களிலிருந்து ஜீப்பில் வந்து இறங்கும் காணிக்காரப் பழங்குடிக் குழந்தையின் வீட்டிலோ தமிழும் மலையாளமும் இழைந்து, இரண்டிலும் சேராத தனிப் போக்கும் கொண்ட ஒரு பேச்சு. தேயிலைத் தோட்டங்களுக்கு முன் தலைமுறைகளில் மலையேறி வந்த குடும்பங்களில் தமிழ் வழங்குவதும் உண்டு. முதல் வகுப்பில் நுழைந்த அன்றே, தான் பேசுவது தப்பு என்று அறிந்துகொள்ளும் குழந்தை, அதன் பிறகு வகுப்பில் பேசுவதையே நிறுத்திவிடுகிறது. வயநாட்டில் கேரள அரசு, பழங்குடி மக்களிலிருந்தே ஆசிரியப் பயிற்சி பெற்றவர்களைத் தேர்ந்து, ‘கோத்ரபந்து’ என்ற பெயரில் ஆரம்பப் பள்ளிகளில் அமர்த்தியது இந்த மௌனத்தைக் கலைப்பதற்காகவே.

இனி, அந்த ஒரே கதை எது? வேறெங்கும் தேட வேண்டாம். வித்துராவிலிருந்து கிளை பிரிகிற சாலை முடியும் போணக்காட்டிலிருந்துதான் 1868 மீட்டர் உயரமுள்ள அகஸ்தியகூடத்துக்கு நடைபாதை புறப்படுகிறது. தமிழர் பொதிகை என்றும், முதல் இலக்கணம் செய்த முனிவரின் இருப்பிடம் என்றும் போற்றுகிற அந்தச் சிகரத்தைக் காணிக்காரர்களும் தங்கள் குலத்துக்கு உரியதாகவே வழிபடுகிறார்கள். பார்வதி பரிணயத்துக்காகத் தேவர்கள் அனைவரும் கைலையில் கூட, பாரம் தாங்காமல் வடதிசை தாழ்ந்து தென்திசை உயர்ந்தது என்றும், சமன் செய்வதற்காகச் சிவபெருமான் குள்ள முனிவரான அகத்தியரை மட்டும் தெற்கே அனுப்பினார் என்றும் சொல்கிற புராணக் கதையைவிட, அந்த மலையடிக் குழந்தைகளுக்கு ஏற்ற கதை வேறு கிடைப்பது துர்லபம்.

திங்களன்று புத்தகம் கிடையாது. ஆசிரியை கதையைச் சொல்ல வேண்டும், வாசிக்கக் கூடாது. வக்கீல் தொழிலை விட்டுப் பவநகரில் குழந்தைகளிடம் வந்த கிஜுபாய் பதேக்கா, ‘திவாஸ்வப்னம்’ என்ற தம் நூலில் வருகிற ஆசிரியரை நான்காம் வகுப்புக்குள் அனுப்பியதும் கதை சொல்லத்தான் வைத்தார். வகுப்பின் கூச்சல் அடங்கியது பிரம்பினால் அன்று, அடுத்து என்ன ஆயிற்று என்ற ஆவலினால். இங்கேயும் அப்படித்தான். தேவர்கள் வந்து குவியக் குவிய பூமி ஒரு பக்கமாகச் சாய்வதை, மேஜை மேல் கிடக்கும் அடிக்கோலை விரலில் நிறுத்திக் காட்டலாம். முனிவர் குள்ளர் என்று சொல்லி நிறுத்திவிட்டால், பின் பெஞ்சிலிருந்து, “அப்படியானால் அவர் எத்தனை கிலோ, டீச்சரே?” என்று ஒரு கேள்வி வராமல் இராது. அதற்குப் பதில் சொல்லிவிடுவது பெரும் பிழை. கரும்பலகையின் ஓரத்தில் அந்தக் கேள்வியை அப்படியே எழுதி, வாரம் முழுவதும் அழிக்காமல் விட்டுவிட வேண்டும். குழந்தையின் வாயிலிருந்து வந்த வாக்கியம் கரும்பலகையில் ஏறி நிற்பதைப் பார்ப்பதுதான் எழுத்தின் மேல் அதற்குப் பிறக்கும் முதல் நம்பிக்கை.

செவ்வாயன்று வீட்டுச் சொற்கள். மலை, மழை, முனிவன், பாரம் என்று கதையில் வந்த விஷயங்களுக்குத் தத்தம் வீட்டில் என்ன சொல்வார்கள் என்று பாட்டியைக் கேட்டு வரும்படி முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். வந்த சொற்களை அட்டையில் எழுதிச் சுவரில் தொங்கவிட வேண்டும். சரி தப்பு என்ற கோடு கிழிக்கக் கூடாது. நியூசிலாந்தில் மாவோரிக் குழந்தைகளுக்குப் பாடம் சொன்ன சில்வியா ஆஷ்டன்-வார்னர், 1963-இல் வெளியிட்ட நூலில் விவரிக்கிற முறையும் இதற்குச் சமீபமானதே: குழந்தை தன் மனத்துக்கு முக்கியமென்று கேட்கிற சொல்லை அட்டையில் எழுதி அதன் கையிலேயே கொடுத்துவிடுவார், மறுநாள் அதை வாசிக்கத் தெரிந்தால் அந்த அட்டை குழந்தைக்குச் சொந்தம். காணிக்கார மூதாட்டி ஒருவரையோ, ஊர்த் தலைவரான மூட்டுக்காணியையோ அன்றைய வகுப்புக்கு அழைக்க முடிந்தால் மிகவும் நல்லது. இரும்புக் குழலின் பல்வரிசையை இரும்புக் கம்பியால் உரசி ஒலி எழுப்பும் கொக்கரை என்ற வாத்தியத்தோடு அவர்கள் பாடும் சாற்றுப்பாட்டு, நோய் தீர்க்கவும் ஊரைக் காக்கவும் பாடுகிற பாட்டு. அதை வகுப்பில் வேடிக்கைக்காகப் பாடச் சொல்வது தகாது. வாத்தியத்தைக் காட்டி, அதைப் பற்றிச் சொன்னால் போதும்.

புதன்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ஒரு பக்கத்துக்கு மேற்படாத எளிய மலையாளத்தில் ஆசிரியையே எழுதிவைத்த கதை, பிள்ளைக்கொரு பிரதியாக. முதலில் ஆசிரியை உரக்க வாசிப்பார், பிறகு இருவர் இருவராக, பிறகு தனித்தனியே. ஏற்கெனவே கேட்டுப் பழகிய கதையாதலால் எழுத்துக் கூட்டுகிற குழந்தையும் வாக்கியத்தின் பாதியிலேயே மிச்சத்தை ஊகித்துவிடும். அந்த ஊகத்தைச் சில ஆசிரியர்கள் ஏமாற்று என்று நினைத்துக் கண்டிக்கிறார்கள். கதை தெரிந்த குழந்தைக்கு அது இயல்பே.

இடையில் ஒரு வியவகாரம் உண்டு. திட்டம் போடுகிறவர்கள் அதை மறப்பதே வழக்கம். மழை பலத்தால் ஆறு பெருகும், ஜீப் வராது, சில நாள் பாதையில் யானை நிற்கும். செவ்வாயன்று வராத குழந்தை புதனன்று வரும், புதனன்று வந்தது வியாழனன்று வராது. தொடர்கதை போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய ஐந்து பாடங்கள் இப்படிப்பட்ட இடத்தில் இரண்டாம் நாளே சரிந்துவிடும். ஆகவே ஒவ்வொரு நாளும் முதல் பத்து நிமிஷம், நேற்று வந்த பிள்ளைகளில் ஒருவர் எழுந்து, வராதவர்களுக்காகக் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும் என்று விதி செய்துவிடலாம். இவ்வாறு செய்தால் வராத குழந்தைக்குக் கதை கிடைக்கிறது. சொல்கிற குழந்தைக்கோ, கேட்பவனுக்கு நிஜமாகவே தெரியாத ஒன்றைச் சொல்லும் சந்தர்ப்பம், பள்ளிக்கூடத்தில் அபூர்வமாக வாய்க்கிற ஒன்று, கிடைக்கிறது. ஆசிரியர் கேட்கிற கேள்விகளுக்கெல்லாம் விடை ஆசிரியருக்கே தெரியும் என்பது எந்தப் பிள்ளைக்குத்தான் தெரியாது?

வியாழன் எழுதும் நாள். நீட்டிச் சொல்ல அதிகமில்லை. தேவர் கூட்டத்தில் அகத்தியர் ஒருவருக்குத்தான் கல்யாணம் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. அவர் மனத்தில் என்ன இருந்திருக்கும் என்று ஐந்து வரி எழுதச் சொல்லலாம். பெரிய வகுப்பானால் வேறு விஷயமும் இருக்கிறது: அந்தச் சிகரத்துக்குப் பெண்கள் ஏறுவதை வனத் துறை அனுமதித்தது உயர்நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு, 2019-இல்தான், மலைமேல் தம் தெய்வம் இருப்பதாக நம்பும் காணிக்காரர்களில் பலர் அதை விரும்பவில்லை. இரு தரப்புக்கும் சொல்வதற்கு நியாயம் உள்ள விஷயம் ஆதலால், எட்டாம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் வாதம் செய்து எழுத இதைவிடப் பொருத்தமானது ஊரிலேயே கிடையாது. எழுத்துப் பிழைகளைச் சிவப்பு மையால் திருத்தும் ஆசையை ஆசிரியை சனிக்கிழமை வரை அடக்கிக்கொள்வாராக.

வெள்ளியன்று பாட்டு. மலையாளத்தில் குஞ்ஞுண்ணி மாஸ்டரின் இரண்டு வரி, நான்கு வரிப் பாடல்கள் குழந்தைகளின் வாயில் தாமே ஒட்டிக்கொள்பவை. கோழிக்கோட்டு ராமகிருஷ்ண மிஷன் பள்ளியில் உபாத்தியாயராக இருந்தவர் அவர். தமிழ்க் குழந்தை இருக்கிற வகுப்பில் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையை மறக்கலாகாது. அவர் பிறந்த தேரூர் அன்று திருவிதாங்கூரின் பகுதி. திருவனந்தபுரம் மகளிர் கல்லூரியிலும் அவர் பணி செய்தார். குழந்தைகளுக்கென்று அவர் எழுதிய பாடல்கள் ‘மலரும் மாலையும்’ தொகுப்பில் உள்ளன. 1956 நவம்பரில் எல்லைக்கோடு விழுந்த பிற்பாடு அவர் தமிழ்நாட்டுக்கு மட்டும் உரியவராகிவிட்டார் என்று எண்ண நியாயமில்லை. தமிழ்ப் பிள்ளை அவர் பாட்டைப் பாட, மலையாளப் பிள்ளைகள் பொருளை ஊகித்துச் சொல்வது, எந்த ஊர்ப் பாஷைப் பாடத்துக்கும் குறையாத பாடமே. பிற்பகலில் பெற்றோரை அழைத்து, சுவரிலுள்ள சொல் அட்டைகளை அவரவர் வீட்டுக் குழந்தையே அவர்களுக்கு வாசித்துக் காட்டலாம். எழுத்தறியாத பாட்டிக்குத் தான் சொன்ன சொல் எது என்று காட்டிக்கொடுக்கிற பொறுப்பும் பேரப்பிள்ளையுடையதே.

இவ்வளவுக்கும் ஆகிற செலவு ஒரு கட்டு அட்டை, கொஞ்சம் நூல், பிரதி எடுக்கச் சில ரூபாய். தலைமையாசிரியருக்கு ஒரு சங்கடம் வரலாம்: மேலிடத்துக்கு அனுப்ப வேண்டிய அறிக்கையில் பிரதிக்ஞை எத்தனை, போட்டிகள் எத்தனை, பங்கேற்றோர் எத்தனை என்று கட்டங்கள் இருக்குமே தவிர, அகத்தியர் எத்தனை கிலோ என்று கேட்ட பிள்ளைக்கு அதில் கட்டம் இருக்காது. பிரதிக்ஞைக்கு அசெம்பிளியில் இரண்டு நிமிஷம் போதும். வினாடி வினாவை வெள்ளி மாலை மூன்றரை மணிக்கு வைத்துக்கொள்ளலாம். பரிசுப் பேனாக்களைத்தான் முன்கூட்டியே வாங்கியாயிற்றே.