கஃப் சாலையில் ஒரு வேளைச் சோறு

வலது கையில் கட்டுப் போட்டிருந்தால் சோற்றைப் பிசைந்து சாப்பிட முடியாது. இடது கையால் அள்ளிச் சாப்பிட மனம் கூசும். அதனால் கரண்டி. சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவில், கஃப் சாலைப் பக்கம் இலவசச் சாப்பாட்டுக்கு வரும் தமிழ்நாட்டு ஊழியர்களில் சிலருக்கு அந்தக் கரண்டிதான் துணை. இன்னும் சிலர் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு உட்காருவார்கள். உடம்பில் காயமே இல்லாதவர்களும் வருவதுண்டு. அவர்களுக்கு வரவேண்டிய சம்பளம் வரவில்லை.

"கஃப் ரோடு புராஜெக்ட்" என்ற இந்த உணவுத் திட்டம் 2008இல் தொடங்கியது. நடத்துவது "ட்ரான்சியன்ட் வொர்க்கர்ஸ் கவுன்ட் டூ", சுருக்கமாக டி.டபிள்யூ.சி.2. வந்து போகிற தொழிலாளரும் கணக்கில் சேர்ந்தவர்கள்தாம் என்பது பெயரின் பொருள். 2001இல் இந்தோனேசியப் பணிப்பெண் ஒருவர் பட்டினி போடப்பட்டு, அடித்தே கொல்லப்பட்டார். அந்தச் சாவால் உலுக்கப்பட்டவர்கள் 2003இல் ஒன்றுகூடினார்கள். அடுத்த ஆண்டு அமைப்பு முறைப்படி பதிவானது.

சாப்பாடு மட்டும் கொடுத்து அனுப்பிவிடுவதில்லை. சாப்பாட்டுக்குப் பதிவு செய்ய வருபவர் தன் காகிதங்களைக் காட்ட வேண்டும். அந்தக் காகிதங்களைப் புரட்டும்போதுதான் தொண்டூழியருக்கு விஷயம் பிடிபடும். விபத்து எப்போது நடந்தது, எத்தனை நாள் எம்.சி. (மருத்துவ விடுப்பு), கம்பெனி தகவல் கொடுத்ததா, கடைசியாகச் சம்பளம் வந்தது எந்த மாதம்? அலுவலகத்துக்குப் போய்ப் புகார் கொடுக்கத் தயங்குகிறவர்கூட, சாப்பிட வந்த இடத்தில் வாய் திறந்து பேசிவிடுவார்.

தயக்கத்துக்குக் காரணம் இருக்கிறது. கட்டுமானம், கப்பல் பட்டறை, பதனீட்டுத் துறைகளில் வேலை அனுமதியில் இருக்கும் வெளிநாட்டு ஊழியர் 4 லட்சத்துக்கும் மேல். புதுக்கோட்டை, சிவகங்கை, ராமநாதபுரம், தஞ்சாவூர் என்று ஊர்ப் பெயரைச் சொல்லித்தான் இவர்களில் தமிழ்நாட்டுக்காரர்கள் ஒருவரையொருவர் அறிமுகம் செய்துகொள்கிறார்கள். ஏஜென்டுக்கும் பயிற்சிக்கும் லட்சக்கணக்கில் கொடுத்துவிட்டு வந்தவர்கள் பலர். நகை அடகில் இருக்கும், வட்டி ஓடிக்கொண்டிருக்கும். வேலை அனுமதியோ ஒரே முதலாளியின் பெயரில் இருக்கிறது. முதலாளி அதை ரத்து செய்தால் கையில் விமானச் சீட்டுதான். குடும்பத்தை அழைத்து வரவும் இந்த அனுமதியில் வழியில்லை. ஆகவே அடிபட்டவருக்குப் பக்கத்தில் இருப்பது அறைத் தோழன் மட்டுமே. அவரும் விடிவதற்கு முன் லாரி ஏறிவிடுவார்.

சட்டம் இவர்களைக் கைவிடவில்லை. வேலைக்காய இழப்பீட்டுச் சட்டத்தின்படி, விபத்து யார் தவறு என்று நிரூபிக்க வேண்டியதில்லை. வேலையின்போது நடந்தது என்றால் போதும். மருத்துவச் செலவு உண்டு. எம்.சி.யில் இருக்கும் நாள்களுக்குச் சம்பளம் உண்டு: வெளிநோயாளியாக இருந்தால் முதல் 14 நாள்களுக்கும், மருத்துவமனையில் இருந்தால் 60 நாள்களுக்கும் முழுச் சம்பளம், அதன்பின் ஓராண்டு வரை மூன்றில் இரண்டு பங்கு. உடலில் நிரந்தரக் குறை தங்கிவிட்டால் அதற்குத் தனியே ஒரு தொகை. சம்பளக் கணக்கில் ஓ.டி.யும் (மிகைநேர ஊதியமும்) சேரும். அடிப்படைச் சம்பளம் குறைவாகவும் ஓ.டி. அதிகமாகவும் வாங்கும் ஊழியருக்கு இது பெரிய வித்தியாசம். கோரிக்கையை விபத்து நடந்த ஓராண்டுக்குள் பதிய வேண்டும்.

முன்பெல்லாம் மூன்று நாளுக்கு மேற்படாத எம்.சி. என்றால் கம்பெனி பெரும்பாலும் விபத்தைத் தெரிவிக்க வேண்டியிருக்கவில்லை. 2020 செப்டம்பர் 1 முதல் ஒரு நாள் எம்.சி. ஆனாலும், மருத்துவர் "லைட் டியூட்டி" என்று எழுதிக் கொடுத்தாலும் மனிதவள அமைச்சுக்குத் தெரிவித்தாக வேண்டும்.

அப்படியானால் கஃப் சாலையில் ஏன் வரிசை? காயம் ஆற வேண்டும். ஆறிய பிறகுதான் மருத்துவர் நிரந்தரக் குறை எத்தனை விழுக்காடு என்று மதிப்பிடுவார். பிறகு காப்பீட்டு நிறுவனம் தொகையைக் கணக்கிட்டு அறிவிக்கும். அதை எதிர்த்தால் மேலும் விசாரணை. இப்படியே மாதங்கள் போய்விடும். இதற்கிடையே வேலை அனுமதி ரத்தானால் ஊழியர் கையில் ஸ்பெஷல் பாஸ் என்ற அட்டை வரும். அதை வைத்துக்கொண்டு நாட்டில் தங்கலாம், வேலை செய்யக்கூடாது. காலாவதியாகும் முன் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இழப்பீடு முடிவாகும்வரை சாப்பாடும் படுக்கையும் முதலாளியின் பொறுப்பு என்றுதான் விதி சொல்கிறது. ஆனால் முதலாளியோடு வழக்கு என்று வந்தபின், அவர் கொடுத்த தங்குவிடுதியில் கண்ணை மூடித் தூங்க எத்தனை பேரால் முடியும்? திடீரென ஊருக்கு ஏற்றிவிடுவார்களோ என்று பயந்து வெளியேறுகிறவர்கள் உண்டு. அவர்களைத்தான் அந்த ஒரு வேளைச் சோறு தாங்குகிறது. பசித்தவன் பேரம் பேச முடியாது. கிடைத்ததை வாங்கிக்கொண்டு ஊர் போய்ச் சேரலாம் என்றுதான் தோன்றும்.

சம்பளப் பாக்கிக்கு வழி வேறு. முதலில் டி.ஏ.டி.எம். என்ற முத்தரப்பு அமைப்பில் சமரசப் பேச்சு. அங்கே தீராவிட்டால், 2017இல் அமைந்த வேலைக் கோரிக்கை நடுவர் மன்றங்கள். அங்கே 20,000 சிங்கப்பூர் வெள்ளி வரை கேட்கலாம். தொழிற்சங்கத்தின் துணையோடு போனால் 30,000. வேலையை விட்டவர் ஆறு மாதத்துக்குள் டி.ஏ.டி.எம்.மிடம் போக வேண்டும். பேச்சைவிடக் காகிதம்தான் இங்கெல்லாம் எடுபடும். சம்பளச் சீட்டு, நேர அட்டை, மேற்பார்வையாளர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி, எல்லாவற்றையும் கைப்பேசியில் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள் என்று தொண்டூழியர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

உதவிக்கு வேறு கதவுகளும் உண்டு. தொழிற்சங்கக் காங்கிரசும் முதலாளிகள் சம்மேளனமும் சேர்ந்து 2009இல் வெளிநாட்டு ஊழியர் நிலையத்தைத் தொடங்கின. 2006இல் பிறந்த ஹெல்த்சர்வ் அமைப்பு குறைந்த கட்டணத்தில் மருத்துவம் பார்க்கிறது. மனநல ஆலோசனையும் தருகிறது. 2004 முதல் இயங்கும் ஹோம் என்ற அமைப்பு, முதலாளி வீட்டைவிட்டு ஓடிவந்த பணிப்பெண்களுக்கு அடைக்கலம் கொடுக்கிறது. வேலைக்காய இழப்பீட்டுச் சட்டம் பணிப்பெண்களுக்குப் பொருந்தாது. முதலாளி எடுக்கும் தனிநபர் விபத்துக் காப்பீடுதான் அவர்களுக்குப் பாதுகாப்பு.

கொரோனாக் காலம் தங்குவிடுதிகளின் நெரிசலை நாடு முழுவதற்கும் காட்டிக்கொடுத்தது. 2020 முடிவதற்குள் விடுதிவாசிகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்குத் தொற்று வந்து போயிருந்தது. அதன் பிறகு, 2022 ஏப்ரலில் ஊழியர்களுக்கென அடிப்படை மருத்துவத் திட்டம் வந்தது. ஒரு தடவை மருத்துவரைப் பார்க்க ஊழியர் கட்டுவது 5 வெள்ளி.

2025 ஜூலை 26 மாலை தஞ்சோங் காத்தோங் சாலை திடீரென உள்வாங்கி, ஒரு கார் குழிக்குள் விழுந்தது. பக்கத்துக் கட்டுமானத் தளத்திலிருந்து மேற்பார்வையாளர் பிச்சை உடையப்பன் சுப்பையாவும் ஆறு ஊழியர்களும் ஓடிவந்து, கயிற்றை வீசி, காரோட்டி வந்த பெண்ணை மேலே இழுத்தார்கள். "இட்ஸ் ரெய்னிங் ரெயின்கோட்ஸ்" அமைப்பு அவர்களுக்காகத் திரட்டிய நன்கொடை 70,000 வெள்ளியைத் தாண்டியது. ஊரே அவர்களைக் கொண்டாடியது. கொண்டாடியவர்களில் பலருக்குக் கஃப் சாலை வரிசை தெரிந்திருக்காது. அங்கே நிற்பவர்களும் இதே தளங்களில், இதே கயிறு பிடித்து வேலை செய்தவர்கள்தாம்.

சாப்பிட்டு முடித்ததும் யாரும் உடனே எழுந்து போவதில்லை. கடை முன் நடைபாதையான அஞ்சடியில் போட்டிருக்கும் மேசையருகே நின்று, மருத்துவமனையிலிருந்து வந்த ஆங்கிலக் கடிதத்தை நீட்டுவார்கள். தொண்டூழியர் படித்து, அடுத்த தேதியை வட்டமிட்டுக் கொடுப்பார். கட்டுப் போட்ட கை அந்தக் கடிதத்தை நாலாக மடித்து, ஸ்பெஷல் பாஸோடு சேர்த்து நெகிழிப் பைக்குள் வைத்துக்கொள்ளும்.