மங்காத விளக்கு

பொழுது புலருமுன் பால்மரம் வெட்டச் செல்வோர்க்கு நெற்றி விளக்கே உற்ற துணை. ஜொகூரின் குளுவாங், சிகாமட் வட்டாரத் தோட்டங்களில் வாழ்ந்தோர் இதனை நன்கறிவர். விடியலின் குளிர்ச்சியில் பட்டைக்குள் பாலின் அழுத்தம் மிகுந்திருக்கும். வெயில் ஏறினால் குறையும். ஆதலின் இருளிலேயே வெட்டத் தொடங்குவர். பட்டையின் உட்புறத்தே உள்ள வளர்திசுவைக் கத்தி தொடலாகாது. ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் பட்டையை விட்டு வெட்டவேண்டும். ஒளி மங்கினால் மரம் புண்படும். காலடியில் கிடக்கும் பாம்பும் தெரியாது.

பழைய டார்ச் விளக்கு ஏன் மங்கியது? புதிய உலர் மின்கலத்தின் அழுத்தம் 1.5 வோல்ட். பயன்படுத்தப் பயன்படுத்த அது 1 வோல்ட்டுக்கும் கீழே இறங்கும். மின்கலத்தை இழை பல்போடு நேரே இணைத்திருந்தமையால், அழுத்தம் குறையவே இழையின் சூடும் தணிந்தது. அழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் ஒளி பாதியளவுக்குச் சரிந்துவிடும்.

இக்காலத்து விளக்குகளில் இழைக்குப் பதிலாக ஒளி உமிழும் டையோடு உள்ளது. அதன் ஒளி, அதனூடே செல்லும் மின்னோட்டத்தைப் பொறுத்தது. தரமான விளக்குகளில் அம்மின்னோட்டத்தைக் காக்கும் சிறு மின்சுற்று ஒன்றுண்டு. அது ஓட்டத்தை இடைவிடாது அளக்கிறது. மின்கலத்திலிருந்து ஒரு கம்பிச்சுருளுக்குச் செல்லும் மின்சாரத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை திறந்து மூடுகிறது. ஓட்டம் குறையத் தலைப்பட்டதும் திறந்திருக்கும் நேரத்தைக் கூட்டிவிடுகிறது. சுருள் தான் சேர்த்த ஆற்றலை டையோடுக்கு அளிக்கிறது, ஒளி மாறுவதில்லை.

ஓர் எளிய கணக்கைப் பார்ப்போம். விளக்குக்கு 3 வாட் வேண்டும் எனக் கொள்வோம். இரு புதிய மின்கலங்கள் 3 வோல்ட் தருகையில் 1 ஆம்பியர் போதும். அவை தளர்ந்து 2 வோல்ட்டுக்கு இறங்கினால் 1.5 ஆம்பியர் இழுக்கவேண்டும். சுற்றில் வீணாகும் சிறு பங்கை இங்கே சேர்க்கவில்லை.

இதிலிருந்து ஓர் உண்மை புலனாகும். இச்சுற்று ஆற்றலைப் படைப்பதில்லை. பங்கிட்டுத் தருகிறது, அவ்வளவே. தளர்ந்த மின்கலத்திடம் அது மேலும் மிகுதியாகவே கேட்கிறது. பழைய விளக்கு மங்கி மங்கி, “வீடு திரும்பு” என முன்கூட்டியே எச்சரித்தது. புதிய விளக்கோ இறுதிவரை ஒளிர்ந்து திடீரென அணையக்கூடும். சிலவற்றில் மட்டும் கண்சிமிட்டியோ, சிற்றொளிக்கு இறங்கியோ அறிவிக்கும் ஏற்பாடு உண்டு.

ஆகவே, ஒளி குறையவில்லை என்பதனால் மின்கலம் நிறைந்திருக்கிறது என்று எண்ணலாகாது. மங்காத விளக்கோடு இருளில் செல்பவர், மாற்று மின்கலத்தையும் மறவாமல் எடுத்துச் செல்வதே அறிவுடைமை.