ஸ்டாப் மோஷன் வீடியோ பண்ணணுமா? முதல்ல கிரெடிட் கார்டை உள்ள வைங்க!

ஒரு களிமண் பொம்மை தானா நடந்து வந்து டீ குடிக்கிற மாதிரி வீடியோ பார்த்திருப்பீங்க. "நாமளும் பண்ணலாமே, சைடு இன்கம் வருமே"ன்னு தோணும். அடுத்த நிமிஷம் கை போறது கேமரா விலை பார்க்கத்தான். 60,000 ரூபாய் கேமரா, 12 மாசம் 'நோ காஸ்ட் இஎம்ஐ'. வட்டியைத் தள்ளுபடியா கழிச்சாலும், அந்த வட்டிக்கான 18% ஜிஎஸ்டியும் பிராசஸிங் ஃபீஸும் பெரும்பாலும் நம்ம தலையிலதான் விழும்.

கொஞ்சம் பொறுங்க. இதுக்கு முதல் செலவு பூஜ்ஜியமாவே இருக்கலாம்.

பெரிய ஸ்டுடியோக்கள் பயன்படுத்துறது டிராகன்ஃப்ரேம். லைசென்ஸ் சுமார் 300 டாலர், நம்ம காசுல 25,000 ரூபாய்க்கு மேல. நமக்கு அது இப்போ தேவையில்ல. போட்ஸ் அனிமேட்டர்னு ஒரு ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் இருக்கு. முழுக்க இலவசம். லினக்ஸ் வச்சிருக்கிறவங்களுக்கு ஸ்டாப்மோஷன்னே பேர் வச்ச ஒண்ணு இருக்கு. நார்வேயில பள்ளிக்கூடங்களுக்காக நடந்த ஸ்கோலேலினக்ஸ் திட்டத்துல பிறந்தது.

இந்த ரெண்டுலயும் முக்கியமான வசதி 'ஆனியன் ஸ்கின்'. போன தடவை எடுத்த படம் லேசா நிழல் மாதிரி திரையில தெரியும். பொம்மையை எவ்வளவு நகர்த்தணும்னு அதை வச்சுதான் முடிவு பண்ணுவீங்க. கேமராவுக்கு ஒரு வெப்கேம் போதும், இல்லைன்னா போனை வெப்கேமா மாத்துற ஆப். எடுத்த படங்களைக் கோர்த்து சத்தம் சேர்க்க கேடென்லைவ், அதுவும் இலவசம்.

ஒரு விஷயம் மட்டும் கவனிங்க. ஜன்னல் வெளிச்சத்துல எடுக்காதீங்க. மேகம் நகர்ந்தா வீடியோ மினுக்கு மினுக்குனு அடிக்கும். திரையை மூடி ஒரு எல்இடி பல்ப் போடுங்க, கேமராவோட ஆட்டோ எக்ஸ்போஷரை அணைச்சிடுங்க. பலர் கேமரா சரியில்லைன்னு புதுசு வாங்கறதுக்குக் காரணமே இந்த மினுக்கல்தான்!

உண்மையான செலவு நேரம். செகண்டுக்கு 12 படம்னா, 30 செகண்டுக்கு 360 படம். ஒரு படத்துக்கு 1 நிமிஷம் வச்சாலே 6 மணி நேரம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலி. இப்படி மூணு ஞாயிறு தாக்குப்பிடிச்சீங்கன்னா, அப்புறம் கேமராவைப் பத்திப் பேசலாம். முதல் ஞாயிறே அலுத்துப்போச்சுன்னா நஷ்டம் களிமண் காசு மட்டும்தான்.

வருமானம்? யூடியூப்ல விளம்பரக் காசு வர 1,000 சப்ஸ்கிரைபர், கூடவே ஒரு வருஷத்துல 4,000 மணி நேரப் பார்வை வேணும். 2 நிமிஷ வீடியோவா இருந்தா, முழுசா பார்த்த பார்வைகளே 1,20,000 ஆகணும். ஷார்ட்ஸ்னா 90 நாள்ல 1 கோடி பார்வை. இதை நம்பி இஎம்ஐ போடறது எனக்குச் சரியாப் படல. அதைவிடப் பக்கத்துல இருக்கிற ஸ்வீட் கடைக்கு ஒரு 15 செகண்ட் விளம்பரம் பண்ணிக் கொடுங்க, பாதிப் பணத்தை அட்வான்ஸா வாங்கிட்டு. ஓப்பன் சோர்ஸ் மென்பொருள்ல செஞ்ச வீடியோவை விக்கத் தடையில்ல, வாட்டர்மார்க்கும் விழாது. வர்ற பணத்தை வருமான வரிக் கணக்குல காட்டிடுங்க.

அப்புறம், இதை ஆபீஸ் லேப்டாப்ல இன்ஸ்டால் பண்ணாதீங்க. ஆஃபர் லெட்டர்ல வெளி வேலை பத்தி என்ன எழுதியிருக்குன்னு இன்னைக்கு ராத்திரியே ஒரு தடவை படிச்சுப் பாருங்க.