மதீனா ஸியாரத்: வண்டிக் கூலி வேறு, வழிகாட்டிக் கூலி வேறு

உம்றாவுக்குப் புறப்படும் குடும்பங்களில் விமான டிக்கட், விசா, தங்குமிடம் என்று எல்லாவற்றுக்கும் மாதக்கணக்கில் கணக்குப் பார்க்கிறோம். மூன்று நான்கு முகவர்களிடம் ஏறி இறங்கி விலை கேட்கிறோம். ஆனால் மதீனாவில் ஊரைச் சுற்றிப் பார்க்க என்ன செலவாகும் என்பதைப் பலர் முன்கூட்டியே யோசிப்பதில்லை. பள்ளிவாசலை விட்டு வெளியே வந்ததும் "ஸியாரா, ஸியாரா" என்று கூவி அழைப்பவர்களில் முதலில் கைகாட்டியவரின் வண்டியில் ஏறிவிடுகிறோம். அந்தப் பணமோ உம்மாமார் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணம். சிலருக்குக் கைவளையல் விற்ற பணம். அது எதற்காகப் போகிறது என்று அறிந்து கொடுப்பது வீண்விரயத்தைத் தவிர்க்கும் வழியல்லவா?

முதலில் ரியாலின் கணக்கைத் தெரிந்துகொள்வோம். 1986 முதல் ஒரு அமெரிக்க டொலருக்கு 3.75 ரியால் என்பது மாறாத விகிதம். எனவே அன்றைய டொலர் விலையை 3.75 ஆல் பிரித்தால் ரியாலின் விலை வந்துவிடும். டொலர் 300 ரூபா என்றால் ரியால் 80 ரூபா. 2022 இன் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர், அதே ஆண்டு மே மாதத்தில் 350 ரூபாவைத் தாண்டியது நினைவிருக்கும். "பத்து ரியால்தானே" என்று யாராவது சொன்னால், உடனே அதை ரூபாவுக்கு மாற்றிப் பாருங்கள்.

இரண்டு வேலை, இரண்டு கூலி

சாரதி விற்பது பாதையை. வழிகாட்டி விற்பது அறிவை. இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணுவதால்தான் பெரும்பாலும் பணமும் நேரமும் வீணாகின்றன.

ஹிஜ்ரத் பயணத்திலேயே இதற்குப் பாடம் உண்டு. அபூபக்ர் (ரழி) அவர்கள் இரண்டு ஒட்டகங்களை நான்கு மாதங்களாகத் தீனி போட்டு ஆயத்தமாக வைத்திருந்தார்கள். அவற்றில் ஒன்றை நபி (ஸல்) அவர்கள் இலவசமாக ஏற்கவில்லை, விலைக்குத்தான் எடுத்துக்கொண்டார்கள். வாகனம் இவ்வாறு ஆயத்தமாக இருந்தும், பாதையை நன்கறிந்த அப்துல்லாஹ் இப்னு உரைக்கித் என்பவரைக் கூலிக்கு அமர்த்தினார்கள். அவர் அப்போது முஸ்லிமாகக்கூட இருக்கவில்லை. மூன்று இரவுகள் கழித்து ஸவ்ர் குகைக்கு ஒட்டகங்களைக் கொண்டு வரவேண்டும் என்று நாளும் இடமும் முன்பே குறிக்கப்பட்டன. வாகனம் தனி, வழிகாட்டி தனி, ஒப்பந்தம் தெளிவு. நாமும் இந்த ஒழுங்கில் கணக்குப் பார்க்கலாமே!

வண்டியே தேவையில்லாத இடங்கள்

ஜன்னத்துல் பகீஃ மஸ்ஜிதுந் நபவியை ஒட்டியே இருக்கிறது. மஸ்ஜிதுல் கமாமாவும் அதனருகே அபூபக்ர் (ரழி), அலி (ரழி) ஆகியோரின் பெயரிலுள்ள பள்ளிகளும் நடை தூரத்தில்தான். இவற்றைக் காட்டுவதாகச் சொல்லி யாரும் வண்டிக் கூலி கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை.

குபா பள்ளிவாசல் தெற்கே மூன்று, மூன்றரை கிலோமீற்றர். நபி (ஸல்) அவர்கள் சனிக்கிழமைகளில் அங்கே வாகனத்திலும் நடந்தும் சென்றதாக ஹதீஸில் வந்துள்ளது. இப்போது இரு பள்ளிகளுக்குமிடையே நடப்பதற்கென்றே ஒரு பாதை உண்டு. நடக்க முடியாதவர்களுக்குச் சிறிய மின்வண்டிகளும் கட்டணத்துக்கு ஓடுகின்றன. இளையவர்கள் நடந்தும் முதியவர்கள் வண்டியிலும் போனால் செலவு பாதியாகக் குறையும்.

தூர இடங்களுக்கு என்ன வழி?

மீதமிருப்பவை வடக்கே ஐந்து கிலோமீற்றர் அளவிலுள்ள உஹது, கிப்லா மாறிய நினைவைத் தாங்கும் மஸ்ஜிதுல் கிப்லதைன், அகழ்ப்போர் நடந்த பகுதி ஆகியன. இவற்றுக்குப் பல வழிகள் உண்டு.

முதலாவது, முகவரின் பொதியிலேயே அடங்கிய பஸ். இதற்கு ஏற்கனவே பணம் கொடுத்துவிட்டீர்கள். எத்தனை இடம், கூட வருவது மௌலவியா, சாரதி மட்டுமா என்று கொழும்பிலேயே கேட்டு எழுதி வாங்குங்கள்.

இரண்டாவது, ஆள் கணக்கில் ஏற்றும் வண்டி. மலிவு, ஆனால் நேரம் உங்கள் கையில் இல்லை. ஆசனம் நிரம்பும்வரை வெயிலில் காத்திருக்கவும் நேரும்.

மூன்றாவது, முழு வண்டியையும் வாடகைக்கு எடுப்பது. நான்காவது, ஊபர், கரீம் போன்ற தொலைபேசிச் செயலிகள். ஏறுமுன்பே கட்டணம் தெரிந்துவிடும். ஆனால் ஒவ்வோர் இடத்திலும் புதிதாக அழைக்க வேண்டும்.

ஐந்தாவது, நகரைச் சுற்றும் சுற்றுலா பஸ். ஒரு டிக்கட்டில் பல தரிப்பிடங்களில் ஏறி இறங்கலாம். பதிவு செய்த விளக்கமும் உண்டு; உங்களுக்கு விளங்கும் மொழி இருக்கிறதா என்று கேட்டு டிக்கட் எடுங்கள்.

கணக்கு விளங்குவதற்காக ஓர் உதாரணம் பார்ப்போம். இவை சந்தை விலைகள் அல்ல. ஆளுக்கு 20 ரியால் என்றால் நால்வருக்கு 80. முழு வண்டி 120 என்றால் தலைக்கு 30. மேலதிகமாகக் கொடுக்கும் 10 ரியாலுக்கு, வயதான உம்மா ஆறுதலாக இறங்கி, வுழூச் செய்து, இரண்டு ரக்அத் தொழுது வர முடியுமானால் அது நல்ல செலவு. அதே வண்டியில் ஆறு பேர் ஏறினால் தலைக்கு 20. ஆள் கணக்கு வண்டிக்கும் இதற்கும் வித்தியாசமே இல்லை. அனுமதி பெற்ற வழிகாட்டிக்கு 300 என்றால் நால்வருக்குத் தலைக்கு 75. மூன்று குடும்பங்கள் சேர்ந்து பன்னிரண்டு பேரானால் 25. வழிகாட்டியைத் தனியே எடுப்பது பாரம். கூட்டாக எடுப்பது இலேசு.

அந்தக் கூலி பெறுமதியானதா என்பதை உஹதில் அறியலாம். "இதுதான் உஹது, பதினைந்து நிமிடம்" என்று சாரதி சொல்வார். விஷயம் தெரிந்தவரோ எதிரேயுள்ள சிறு குன்றைக் காட்டுவார். அங்கே ஐம்பது வில்வீரர்கள் நிறுத்தப்பட்டதையும், கட்டளையை மறந்து பலர் இறங்கியதால் போரின் போக்கே மாறியதையும், ஹம்ஸா (ரழி) உட்பட எழுபது ஷுஹதாக்கள் அடங்கியிருப்பதையும் சொல்வார். மலை ஒன்றுதான், பார்க்கும் கண் வேறாகிவிடும்.

கூலி ஏறும் இடங்கள்

நகருக்கு வெளியே 30 கிலோமீற்றருக்கும் அப்பால் "வாதி ஜின்" என்று ஓர் இடத்துக்கு அழைப்பார்கள். வண்டி தானாக மேடேறுவது போலத் தோன்றும். அது சுற்றியுள்ள நிலத்தின் சாய்வால் வரும் கண்மயக்கம். உண்மையில் வண்டி இறக்கத்தில்தான் உருள்கிறது. இதற்கு ஜின்களும் காரணமல்ல, இது ஸியாரத்துமல்ல.

பேரீத்தம்பழத் தோட்டத்துக்கும் கூட்டிச் செல்வார்கள். விரும்பினால் போகலாம், ஆனால் சாரதிக்குத் தரகு கிடைக்கும் கடையாக இருந்தால் அதுவும் உங்கள் விலையில்தான் சேரும். ரவ்ழாவுக்கான அனுமதியை நுசுக் செயலியில் இலவசமாகவே பதியலாம். அதற்குப் பணம் கேட்பவரிடம் விலகியிருங்கள்.

ஏறுமுன் பேசவேண்டியவை

கூலி ஆளுக்கா, வண்டிக்கா? எந்தெந்த இடங்கள்? ஒவ்வொன்றிலும் எவ்வளவு நேரம்? காத்திருக்கத் தனிக் கூலி உண்டா? ளுஹருக்கு முன் திரும்புவோமா? சக்கர நாற்காலி வைக்க இடமுண்டா? இந்த ஆறையும் கேட்டு, தொகையைக் காகிதத்தில் எண்ணால் எழுதிக் காட்டுங்கள். மொழி தெரியாவிட்டாலும் எண் விளங்கும். அனுமதியின்றித் தனியார் காரில் கூலிக்கு ஆளேற்றுவது சவூதியில் சட்டவிரோதம் என்பதால் அத்தகைய வண்டியைத் தவிருங்கள். வழிகாட்டியிடமும் அனுமதி அட்டையைக் கேளுங்கள். பேசியபடி வேலை முடிந்தால், வியர்வை உலருமுன் கூலி கொடுக்கும் நபிவழியை நாமும் பேணுவோம்.

வழிகாட்டிக்குக் கொடுக்க வசதியில்லையா? கவலை வேண்டாம். பயணத்துக்கு முந்திய மாதத்தில், மஃரிபுக்குப் பின் வீட்டில் எல்லோரும் அமர்ந்து நபி (ஸல்) அவர்களின் வரலாற்றில் குபா, பத்ர், உஹது, அகழ் ஆகிய பகுதிகளை வாசியுங்கள். பிள்ளைகளில் ஒருவர் ஓர் இடத்தைப் பொறுப்பேற்று, அங்கே போனதும் மற்றவர்களுக்குச் சொல்லட்டும். அப்போது சாரதிக்குப் பாதைக்கான கூலியைக் கொடுத்தாலே போதும். அறிவு உங்கள் வீட்டிலிருந்தே கூட வரும், இன்ஷா அல்லாஹ்.