பனிக்கட்டியைப் பற்றிக்கொள்ளும் புரதம்

அண்மையில் புதுச்சேரி கடற்கரைச் சாலையில், காந்தி சிலை அருகே வாங்கிய ஐஸ்கிரீம் நாவில் மணல்போல நெருடியது. ஒருமுறை இளகி மீண்டும் உறைந்ததாக இருக்க வேண்டும். அவ்வாறு நிகழும்போது சிறிய பனிப்படிகங்கள் கரைந்து, அந்த நீர் பெரிய படிகங்களோடு சேர்ந்து உறைந்துவிடுகிறது. இதைத் தடுக்கும் உபாயத்தை நம் வங்கக் கடல் மீன்கள் அறியா. அவற்றுக்கு அது தேவையுமில்லை. அறிந்தவை தென்துருவக் கடலின் மீன்கள்.

அக்கடல்நீரின் வெப்பநிலை மைனஸ் 1.9 டிகிரி செல்சியஸ். மீனின் குருதியில் கடல்நீரைவிட உப்பு குறைவு. ஆகவே ஏறக்குறைய மைனஸ் 1 டிகிரியிலேயே அது உறைந்திருக்க வேண்டும், உறையவில்லை. அமெரிக்க ஆய்வாளர் ஆர்தர் டிவ்ரீஸ் 1960-களில் மக்மர்டோ பகுதி மீன்களை ஆராய்ந்து, குருதியிலுள்ள சர்க்கரை இணைந்த ஒரு வகைப் புரதமே காரணம் என்று கண்டறிந்தார்.

உப்பும் உறைநிலையைத் தாழ்த்தும். குல்ஃபி செய்பவர் பனிக்கட்டியில் உப்பைக் கொட்டுவது அதனால்தான். ஆனால், உப்பு நீரில் கலந்து எண்ணிக்கையால் வேலை செய்கிறது. புரதமோ பனிப்படிகத்தின் மேற்பரப்பிலேயே போய் ஒட்டிக்கொள்கிறது. இலவம்பஞ்சு மெத்தையில் ஆங்காங்கே நூல் முடிச்சிட்டால் இடையிலுள்ள பஞ்சு புடைத்து நிற்குமே, அதுபோலப் புரதம் ஒட்டிய இடங்களுக்கு நடுவே பனிக்கட்டி புடைத்து வளைகிறது. வளைந்த பரப்பில் புதிய நீர் மூலக்கூறு வந்து சேர்வது கடினம். வெப்பநிலை மேலும் தாழ்ந்தால்தான் இயலும். படிகத்தின் வளர்ச்சி அங்கே நின்றுவிடுகிறது. 1977-இல் ரேமண்டும் டிவ்ரீஸும் முன்வைத்த இந்த விளக்கம் இன்றும் நிலைத்திருக்கிறது.

சரி, நீருக்குள் மிதக்கும் புரதம், நீரை விடுத்துப் பனிக்கட்டியை மட்டும் எப்படி அடையாளம் காண்கிறது? இரண்டும் ஒரே பொருள்தானே! புரதத்தின் த்ரியோனின் என்னும் அமினோ அமிலம் ஹைட்ரஜன் பிணைப்பால் பற்றுகிறது என்றே நெடுநாள் நம்பினர். 1990-களில், அத்தகைய பிணைப்புக்கு வழியில்லாத வேலினை அதன் இடத்தில் வைத்துப் பார்த்தனர். அப்போதும் புரதம் ஒட்டியது! நம்பிக்கை ஆட்டம் கண்டது. கனடாவின் பீட்டர் டேவிஸ் குழு 2011-இல், துருவப் பகுதிப் பாக்டீரியா ஒன்றின் புரதத்தைக் கொண்டு வேறொரு விடை தந்தது. புரதத்தின் தட்டையான பக்கத்தில் நீரை வெறுக்கும் மீத்தைல் தொகுதிகளைச் சுற்றி நீர் மூலக்கூறுகள் கூண்டுபோல ஒழுங்காக அமைகின்றன. அந்த ஒழுங்கு பனிக்கட்டியின் ஒழுங்கோடு பொருந்துவதால் இரண்டும் சேர்ந்து உறைகின்றன. அதாவது, புரதம் தன் பங்குப் பனிக்கட்டியைத் தானே சுமந்து செல்கிறது.

இந்தப் பாதுகாப்புக்கு விலையும் உண்டு. புரதம் ஒட்டிய படிகம் எளிதில் கரைவதுமில்லை. கோடையிலும் பனித்துகள்கள் மீனின் உடலிலேயே தங்கிவிடுவதை 2014-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

என் ஐஸ்கிரீமுக்கு வருவோம். அட்லாண்டிக் மீன் ஒன்றின் இத்தகைய புரதத்தை ஈஸ்ட் கொண்டு தயாரித்து ஐஸ்கிரீமில் சேர்க்க, ஐரோப்பிய ஒன்றியம் 2009-இல் அனுமதித்தது. மீன் எதுவும் பிடிக்கப்படுவதில்லை. அதன் மரபணுச் செய்திதான் பயன்படுகிறது. அப்படியொன்று நம் கடைக்கு வந்தால் உறையில் பச்சைப் புள்ளி இடலாமா? இடலாம் என்பது என் கருத்து. சைவ உணவே உண்ணும் என் தமக்கையோ ஏற்கவில்லை. "புள்ளி எந்த நிறமாயினும் இருக்கட்டும், தம்பி. எந்த மீனின் செய்தி என்பதை உறையில் தமிழில் அச்சிடச் சொல், உண்பதா வேண்டாமா என்பதை நான் முடிவு செய்துகொள்கிறேன்" என்றார்.