ஏசி வாங்கும் முன் முழுக் கணக்கையும் போடுவோம்!



முன்பெல்லாம் உள்கடன் கேட்டால் கறவை மாடு, தையல் மெஷின், பிள்ளைகளின் படிப்பு என்றுதான் தீர்மான நோட்டில் காரணம் எழுதுவோம். இப்போது "ஏசி வாங்க" என்ற வரியும் வரத் தொடங்கியிருக்கிறது. இதில் தப்பு ஒன்றும் இல்லை. சித்திரை வெயிலில் கான்கிரீட் வீட்டுக்குள் ராத்திரி படுக்க முடியவில்லை. கைக்குழந்தையோ, படுத்த படுக்கையாக இருக்கும் பெரியவர்களோ உள்ள வீட்டில் ஏசியை ஆடம்பரம் என்று சொல்லிவிடவும் முடியாது.

ஆனால் கடைக்காரர் சொல்லும் விலைதான் செலவு என்று நினைத்து வாங்கிவிட்டால், பிறகு கரண்ட் பில்லும் கடன் தவணையும் ஒன்றாக வரும்போது சந்தா கட்டவே திண்டாட வேண்டியிருக்கும். ஏசிக்கு நாலு செலவு உண்டு: வாங்குவது, மாட்டுவது, ஓட்டுவது, பராமரிப்பது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம். இங்கே சொல்லும் விலைகள் சுமாரானவை. ஊருக்கு ஊர், கடைக்குக் கடை கூடக் குறைய இருக்கும்.

வாங்கும் செலவு

'டன்' என்பது எடை அல்ல, குளிர்விக்கும் சக்தியின் அளவு. பத்துக்குப் பத்து, பத்துக்குப் பன்னிரண்டு அடி அறைக்கு 1 டன் போதும். 1 டன் இன்வெர்ட்டர் ஏசி சுமார் 28,000 முதல் 35,000 ரூபாய் வரை ஆகும். 2025 செப்டம்பர் 22 முதல் ஏசிக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்தில் இருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. பில்லில் எவ்வளவு போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். பில் இல்லாமல் வாங்க வேண்டாம். வாரண்டி கேட்க அதுதான் ஆதாரம்.

ஏசியின் மேல் நட்சத்திரம் போட்ட ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். நட்சத்திரத்தை மட்டும் எண்ணாமல், அதில் ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்று போட்டிருப்பதையும் படியுங்கள். அது 1,600 மணி நேரம் ஓடுவதற்கான கணக்கு. 800 யூனிட் என்று இருந்தால் மணிக்கு அரை யூனிட் என்று அர்த்தம். ஸ்டிக்கர் எந்த ஆண்டுக்கானது என்பதும் முக்கியம். பழைய ஆண்டின் 5 ஸ்டாரும் புதிய ஆண்டின் 5 ஸ்டாரும் ஒன்றல்ல.

ஓட்டு வீடு, ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் வீடு என்றால் குளிர் நிற்காது. உள்கூரை அடைக்காமல் ஏசி போட்டால் காசுதான் வெளியே போகும்.

மாட்டும் செலவு

"மாட்டறது ஃப்ரீம்மா" என்று கடையில் சொன்னாலும், எதெது ஃப்ரீ என்று கேட்டு எழுதி வாங்குங்கள். பெரும்பாலும் ஆளின் கூலிதான் இலவசம். வெளியே வைக்கும் யூனிட்டுக்கு ஸ்டாண்ட், பெட்டியோடு வரும் அளவுக்கு மேல் போகும் செம்புக் குழாய், தண்ணீர் வெளியேறும் பைப், சுவரில் ஓட்டை போடுவது எல்லாவற்றுக்கும் தனிக்காசு கேட்பார்கள். செம்புக் குழாய் மீட்டர் கணக்கில் விற்பதால், உள் யூனிட்டும் வெளி யூனிட்டும் பக்கத்தில் இருந்தால் செலவு குறையும்.

ஏசிக்கு மீட்டர் பெட்டியில் இருந்து தனி ஒயர், தனி சுவிட்ச், நல்ல எர்த் கட்டாயம் வேண்டும். ஃபேன் லைனில் இருந்து இழுத்துக் கொடுத்தால் ஒயர் சூடாகித் தீப்பிடிக்கும். வோல்டேஜ் ஏறி இறங்கும் ஊரில் ஸ்டெபிலைசரும் தேவை. எல்லாம் சேர்த்து 5,000 முதல் 8,000 ரூபாய் வரை ஆகலாம்.

இன்னொன்று. தோட்டத்து இலவச மோட்டார் லைனில் இருந்து வீட்டுக்கு இழுத்து ஏசி போடுவது சட்டப்படி குற்றம். பிடிபட்டால் கட்டும் அபராதத்துக்கு முன்னால் ஏசி விலை பெரிதில்லை.

ஓட்டும் செலவு

இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறோம். ஏசி எடுக்கும் யூனிட் நம் பழைய யூனிட்டுக்கு மேலே போய் ஏறுவதால், விலை கூடிய அடுக்கில் விழுகிறது.

2024 ஜூலையில் வந்த வீட்டுக் கட்டணப்படி, இரண்டு மாதத்தில் முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500க்குள் நின்றால் 101 முதல் 200 வரை யூனிட் ரூ.2.35, 201 முதல் 400 வரை ரூ.4.70, 401 முதல் 500 வரை ரூ.6.30. ஐந்நூறைத் தாண்டிவிட்டால் ரூ.2.35 சலுகை போய், 101ல் இருந்தே ரூ.4.70 ஆகிவிடும். 501 முதல் 600 வரை ரூ.8.40.

இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் எரிக்கும் வீட்டுக்கு பில் 705 ரூபாய். தினமும் ராத்திரி 10 மணி நேரம், மணிக்கு அரை யூனிட் வீதம் 60 நாள் ஏசி ஓடினால் இன்னும் 300 யூனிட். மொத்தம் 600 யூனிட். பில் 2,880 ரூபாய். ஆக ஏசிக்கு மட்டும் 2,175 ரூபாய்!

500 யூனிட்டுக்கு 1,805 ரூபாய்; 510 யூனிட்டுக்கு 2,124 ரூபாய். வெறும் 10 யூனிட் கூடினதுக்கு 319 ரூபாய். அதனால் ரீடிங் எடுக்கும் நாளைக் குறித்து வைத்து, நடுவில் நாமே மீட்டரைப் பார்த்துவர வேண்டும். கட்டணம் மாறினால் புது ரேட்டைப் போட்டு இதே மாதிரி கணக்குப் பாருங்கள்.

ஏசியை 18ல் வைத்தால் அறை சீக்கிரம் குளிர்ந்துவிடாது. கரண்ட்தான் கூடுதலாகப் போகும். 26ல் வைத்து ஃபேனை மெதுவாக ஓட விடுங்கள். ஒவ்வொரு டிகிரி கூட்டி வைக்கும்போதும் சுமார் 6 சதவீதம் கரண்ட் மிச்சம் என்கிறது மத்திய அரசின் எரிசக்தி சிக்கன அமைப்பு.

பராமரிக்கும் செலவு

உள் யூனிட்டில் இருக்கும் வலையை இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை நாமே கழற்றித் தண்ணீரில் அலசி, நிழலில் காய வைத்து மாட்டலாம். தூசி அடைத்தால் குளிர் குறையும், கரண்ட் கூடும். வருஷத்துக்கு ஒன்று அல்லது இரண்டு தடவை ஆளை வைத்து சர்வீஸ் செய்ய, தடவைக்கு 500 முதல் 800 ரூபாய் ஆகும்.

சர்வீஸுக்கு வருகிறவர், "கேஸ் கம்மியா இருக்கு, மூவாயிரம் ஆகும்" என்பார். உடனே தலையாட்டாதீர்கள். ஏசி கேஸ் அடுப்பு சிலிண்டர் மாதிரி எரிந்து தீர்வதில்லை. மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருகிறது. குறைந்திருந்தால் எங்கேயோ ஒழுகுகிறது என்று அர்த்தம். "எங்க லீக்? முதல்ல அதைக் காட்டி அடைச்சுட்டு கேஸ் போடுங்க" என்று கேட்க வேண்டும். அடைக்காமல் நிரப்பினால் அடுத்த வருஷமும் அதே மூவாயிரம்தான்.

ஐந்து வருஷக் கணக்கு

ஏசி விலை: ரூ.32,000
மாட்ட: ரூ.6,000
கரண்ட் (வருஷத்தில் 4 மாதம், ரூ.4,350 வீதம்): ரூ.21,750
சர்வீஸ் (வருஷத்துக்கு ரூ.1,200): ரூ.6,000
குழுக்கடன் ரூ.30,000, நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி, 20 தவணை: வட்டி ரூ.3,150
மொத்தம்: ரூ.68,900

கடையில் கேட்ட முப்பத்திரண்டாயிரம் ஏறக்குறைய அறுபத்தொன்பதாயிரம் ஆகிறது. ஏசி போட்டுத் தூங்கும் ஒவ்வொரு ராத்திரிக்கும் சுமார் 115 ரூபாய். ரிப்பேர் வந்தால் அது தனி.

முடிவு நம் கையில்

வாங்க வேண்டாம் என்று சொல்ல நாங்கள் வரவில்லை. தெரிந்து வாங்குவோம் என்கிறோம். மாடு வாங்கினால் பால் காசில் தவணை கட்டலாம். ஏசி காசு கொண்டு வராது. அதனால் கோடை மாதத் தவணையோடு கரண்ட் பில்லையும் சேர்த்து, "இவ்வளவு கட்ட முடியுமா?" என்று கடன் கேட்கும் சகோதரியும் குழுவும் உட்கார்ந்து பேசிய பிறகு தீர்மானம் எழுதுங்கள். அதற்கு முன் மொட்டை மாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்துப் பாருங்கள். சூடு ஓரளவு குறையும். பிறகு ஏசி வாங்கினாலும் அந்தச் செலவு வீண் போகாது.

அடுத்த குழுக் கூட்டத்தில் இந்தப் பக்கத்தை ஒருவர் சத்தமாகப் படியுங்கள். அவரவர் வீட்டுக் கரண்ட் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, சொந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.